ஐம்பத்திரண்டு பல்

அன்பரசி தோட்டத்தில் பிறந்தவள். ஆனால் தோட்ட வேலைக்குப் போனது நாற்பத்து நான்காவது வயதில்தான். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஈஜோக்கில் ஒரு தொழிற்சாலையில், தானாகத் திறந்து மூடும் வாசல் கதவுகளுக்குப் பல்சக்கரப் பெட்டி பூட்டிக்கொண்டிருந்தாள். கைக்கு அடங்கும் ஒரு மோட்டார் முந்நூறு கிலோ இரும்புக் கதவை எப்படி இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் போய்விடும், பலம் வந்துவிடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து பெட்டி பூட்டினால் கைக்கே தெரிந்துவிடும்.

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது நிர்வாகி மேடையேறி, நீங்கள்தான் எங்கள் குடும்பம் என்று கண் கலங்கினார். குடும்பத்தில் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டு இயந்திரங்களை மட்டும் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள்.

கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சானுக்குப் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது புக்கிட் நிபோங் தோட்டம். 'புக்கிட்' என்றால் மலை. மலை பெயரில் மட்டும்தான். தோட்டத்திலேயே மிக உயரமான இடம் பெரிய தொரை பங்களாவின் பூப்பாத்தி. மற்றதெல்லாம் தட்டை நிலம். வெயில் காய்ந்தால் கரித்தூளாகப் பறக்கும், மழை பெய்தால் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஐந்தாயிரம் ஏக்கருக்குச் செம்பனை.

அங்கே அன்பரசிக்குக் கிடைத்த வேலை உதிரிப் பழம் பொறுக்குவது. குலையை வெட்டி வீழ்த்தும்போது பழங்கள் தெறித்துச் சிதறும். அவற்றைக் கூட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, மரங்களின் நிரைக்குள்ளிருந்து லோரி வரும் பாதைக்குக் கொண்டுவந்து போட வேண்டும். எண்ணெய் அதிகம் இருப்பது உதிரிப் பழத்தில்தான் என்று ஆபீஸ் சுவரில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அத்தனை உயர்ந்த பழத்தைச் சுமக்க நிர்வாகம் கொடுத்திருந்த கருவி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. மழை நாளில் அதன் சக்கரம் பாதி மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அது தள்ளுவண்டியா இழுவண்டியா தூக்குவண்டியா என்பது அவரவர் இடுப்பைப் பொறுத்தது. அவளோடு பொறுக்கிய மூன்று பெண்கள் ஏற்கெனவே இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்கள். மூன்றாவது மாதம் அன்பரசியும் மருந்துக் கடையில் பெல்ட்டுக்கு அளவு கொடுத்தாள்.

அவள் கணவன் வீரன் எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டுகிறவன். நாற்பத்தேழு வயதில் அவனுக்குப் பந்தய ஆசை வந்திருந்தது. தஞ்சோங் காராங்கில் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் விற்ற மினி பைக்கை வாங்கி வந்தான். நூற்றுப் பத்து சி.சி. என்ஜின், தடித்த சின்னச் சக்கரங்கள், இடுப்பு உயரம்கூட இல்லாத இருக்கை. வீரன் அதில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வரும். அந்தக் கோலத்தில் நூறு கிலோமீட்டர் வேகம் போக வேண்டும் என்பது அவன் லட்சியம்.

அவனைப் போல லட்சியம் கொண்டவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து 'மினி மொன்ஸ்டர்ஸ்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஒன்பது பேருக்கு ஆறு வண்டி. ஆறில் நான்கு ஓடாது. ஆனால் முதுகில் பெயர் அச்சடித்த டீ-சட்டை ஒன்பது பேருக்கும் இருந்தது. வீரன் தன் வண்டிக்குப் பெரிய கார்புரேட்டர் போட்டான். பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் போட்டான். பக்கத்து லயத்து வீட்டுக் குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் எக்ஸாஸ்ட் குழாய் போட்டான். பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ராக்கெட்டை, முப்பத்தேழு பல்லிலிருந்து இருபத்தெட்டுக்குக் குறைத்தான். பல் குறைந்தால் ஓட்டம் கூடும். கடைசியில் ஆறு வகை ஸ்டிக்கர் ஒட்டி, வண்டிமேல் சாய்ந்து நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். முந்நூற்று நாற்பது பேர் விரும்பினார்கள்.

பந்தயம் செகிஞ்சான் வயல்களுக்கு நடுவே போகும் சிமென்ட் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. வீரனைப் பொறுத்தவரை அது ஏழு விநாடி நடந்தது. எட்டாவது விநாடியில் பாதை வலது பக்கம் வளைந்தது, வீரன் வளையவில்லை. வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலிலிருந்து அவனையும் வண்டியையும் தனித்தனியாக எடுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த என்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டதால் உள்ளே பிஸ்டனைத் தள்ளும் கம்பி வளைந்து இறுகிவிட்டது. வீரனுக்குத் தோளில் சிராய்ப்பு. அன்று தான் போன வேகம் எண்பது என்று முதலில் சொன்னான். தீபாவளிக்கு அது நூற்றுப் பத்தானது. தைப்பூசத்தின்போது நூற்று முப்பதைத் தொட்டது. குழுவில் அவனை ஆலோசகராக உயர்த்தினார்கள்.

வண்டியை வீட்டுக்குப் பின்னால் தள்ளி, போன தேர்தலின் பதாகை ஒன்றால் மூடி வைத்தான். வேட்பாளர் எட்டு மாதம் மழையில் சிரித்துக்கொண்டே கிடந்தார்.

பெல்ட்டுக்கு அளவு கொடுத்த மறுநாள் மதியம், வேலை முடிந்து வந்த அன்பரசி அந்தப் பதாகையைத் தூக்கிப் பார்த்தாள். நிரைக்குள் டிராக்டர் நுழையாது. சாதாரண மோட்டார் சைக்கிள் நுழையும், ஆனால் தொங்கும் மட்டையின் முள் ஓட்டுகிறவரின் முகத்தைக் கிழிக்கும். இந்தக் குள்ள வண்டி மட்டைக்குக் கீழே போகும். சக்கரம் தடிப்பு. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். வேகம் எதற்கு, அதை யார் கேட்டார்கள்?

என்ஜினை அவளே பிரித்தாள். இந்தோனேசியாவில் யாரோ ஒருவர் இதே என்ஜினைப் பிரிக்கும் காணொளியைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கழற்றிய ஆணிகள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இட்லித் தட்டை எடுத்து, முதல் குழியில் முதலில் கழற்றியது, இரண்டாவதில் அடுத்தது என்று வரிசையாகப் போட்டு வைத்தாள். மூன்று தட்டு நிரம்பியது. அந்த வீட்டில் மூன்று வாரம் இட்லி இல்லை. வீரனுக்கு என்ஜின் போனதைவிட இதுதான் பெரிய இழப்பாக இருந்தது.

உதிரிப் பாகத்துக்குச் செகிஞ்சானில் மோட்டார்க் கடை வைத்திருக்கும் ஆ செங்கிடம் போனாள். ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. பிஸ்டனும் கம்பியும் எடுத்துக் கொடுத்தார். கடையில் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரம் வேண்டும் என்று அவள் கேட்டதும்தான் நிமிர்ந்து பார்த்தார். அதைப் போட்டால் வண்டி மனிதன் ஓடுகிற வேகத்தைத் தாண்டாது என்று மலாயில் எச்சரித்தார். அந்த ஓடுகிற மனிதன் முதுகில் நூறு கிலோ இருக்கும் என்று அன்பரசி சொன்னாள். ஆ செங் உள்ளே போய், யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்க வராமல் போன ஒரு ஸ்ப்ராக்கெட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு பல்.

வீட்டில் அதைப் பார்த்த வீரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"என்னா அன்பு இது? இருபத்தெட்டு போட்ட எடத்துல அம்பத்திரண்டா? ஸ்பீடு செத்துரும் லா."

"சாவட்டும்."

"ரேஸ் வண்டிய மாட்டு வண்டியாக்குற நீ."

"மாட்டு வண்டி எதுவும் வாய்க்கால்ல விழுந்ததா நான் கேள்விப்படலங்க."

வீரன் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் வேலை நன்றாக ஓடியது. பெரிய கார்புரேட்டரைக் கழற்றி, பரண்மேல் கிடந்த பழைய சின்னதையே திரும்ப மாட்டினாள். பந்தயக் கேமையும் எடுத்துப் பழையதைப் போட்டாள். சத்தக் குழாயை நீக்கி, சாதாரணக் குழாயைச் சேறு படாத உயரத்தில் தூக்கிக் கட்டினாள். பின்னால் ஒரு இரும்புத் தட்டு வைத்தாள். சக்கரத்தில் காற்றைப் பாதியாகக் குறைத்தாள். அப்போதுதான் மண்ணை அகலமாகப் பிடிக்கும்.

முதல் சோதனை எல்லார் கண்ணெதிரிலும் தோற்றது. பன்னிரண்டாம் நம்பர் நிரையில் பின்தட்டில் இரண்டு சாக்கை ஏற்றிக் கட்டி, கியர் போட்டு முறுக்கினாள். வண்டி முன்னால் போகவில்லை. முன்சக்கரம் மெதுவாக வானத்தைப் பார்த்து எழுந்தது, அன்பரசி பின்பக்கமாக வழுக்கி ஈர மண்ணில் உட்கார்ந்தாள், வண்டி அவளுக்கு எதிரே பின்காலில் நின்றுவிட்டுச் சாய்ந்தது. மண்டோர் பாலனும் குலை வெட்டுகிற இருவரும் மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாலன் முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர். பார்வை மட்டும்தான் பார்த்தார் என்று பெண்கள் சொல்வார்கள்.

"தங்கச்சி, வண்டிக்கு ஒன்ன புடிக்கல போல," என்றார்.

அன்பரசி உட்கார்ந்த இடத்திலிருந்தே சாக்குக்கும் பின்சக்கரத்தின் அச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று சாணால் அளந்தாள். பாரம் முழுவதும் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பலம் கூடியதும் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கிறது. அப்படியானால் பலம் போதும், இடம்தான் தப்பு. அவள் எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்ததாகவும், விழுந்ததில் மண்டையில் அடிபட்டிருக்குமோ என்று தான் பயந்ததாகவும் பாலன் பின்னால் சொன்னார்.

ஆ செங் பின்சக்கரத்தைத் தாங்கும் கையை வெட்டி, நடுவில் நான்கு அங்குல இரும்பு வைத்து வெல்டிங் செய்து நீட்டிக் கொடுத்தார். சங்கிலியும் அதற்கேற்ப நீண்டது. பின்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தாழ்வாகக் கூடை மாட்டினாள். சாக்குகள் இப்போது அச்சுக்கு முன்னால், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கின. வண்டியின் அழகு அதோடு முடிந்தது. வீரன் ஒட்டிய ஸ்டிக்கரில் பாதி வெல்டிங் சூட்டில் கருகியிருந்தது.

இரண்டாம் சோதனையில் அது போனது. மணிக்கு இருபது கிலோமீட்டர், அதற்கு மேல் முறுக்கினாலும் இல்லை. ஆனால் முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில், மனுஷியையும் நூற்றுப் பத்து கிலோ பழத்தையும் சுமந்து, அவசரமே இல்லாமல் நிரையைத் தாண்டி லோரிப் பாதையில் வந்து நின்றது. அன்பரசி இறங்கி, திரும்பிப் பார்த்து, டயர் தடத்தின் ஆழத்தை விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்கட்டை. தள்ளுவண்டி ஒரு சாண் இறங்கும் இடம் அது.

மினி மொன்ஸ்டர்ஸ் குழுவில் வண்டியின் படம் போனது. இருபது வேகமா என்று கண்ணீர் விட்டுச் சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. ஓடாத வண்டி வைத்திருந்த நால்வரும் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

ஒரு நாளைக்கு ஆறு சாக்கு போட்டுக்கொண்டிருந்த அன்பரசி பதினேழு போட்டாள். பாலனுக்கு இது பிடிபடவில்லை. சாக்கைப் பிரித்து உள்ளே கல் இருக்கிறதா என்று தேடினார். மறுபடி நிறுத்துப் பார்த்தார். ஒருநாள் முழுக்க மரத்துக்குப் பின்னால் நின்று எண்ணினார். பதினேழு சரியாக இருந்தது. ஒரு மண்டோர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது திருட்டு. அது இல்லாதபோது என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீசுக்குத் தகவல் அனுப்பினார்.

உதவி நிர்வாகியான சின்ன தொரை புனிதனுக்கு இருபத்தொன்பது வயது. சுபாங்கில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். யாரும் தம்மைத் தொரை என்று அழைக்கக் கூடாது, மிஸ்டர் புனிதன் போதும் என்று முதல் நாளே அறிவித்தவர். எல்லாரும் தொரை என்றே அழைத்தார்கள். ஒருமுறை சொன்னதோடு அவரும் விட்டுவிட்டார். அன்பரசியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வண்டி நல்ல முயற்சிதான், ஆனால் தோட்டத்தில் அனுமதிக்கப்பட்ட இயந்திரங்களின் பட்டியலில் அது இல்லை என்றார்.

"பட்டியல்ல இல்லாத மெஷின் ஃபீல்டுல ஓடக்கூடாது. சேஃப்டி."

"தள்ளுவண்டி பட்டியல்ல இருக்குங்களா தொரை?"

"இருக்கு."

"அதத் தள்ளித்தான் மூணு பேரு பெல்ட்டு போட்டுக்கிட்டு வர்றாங்க. அவங்க எந்தப் பட்டியல்ல இருக்காங்க?"

புனிதன் பேனாவை மூடினார். அன்று மாலையே கடிதம் தட்டெழுதி வந்தது. 'திருமதி அன்பரசி' என்று தொடங்கி, பதிவு செய்யப்படாத வாகனத்தைத் தோட்டத்துக்குள் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து என்று முடிந்தது. கையெழுத்துக்கு மேலே முத்திரை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கோப்புக்காக என்று சொல்லி, வண்டியை நான்கு பக்கமும் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார் புனிதன்.

அன்பரசி அந்த வார இறுதியில் வேலையை விட்டாள். தோட்டத்துக்கு வெளியே, சுங்கை பெசார் பக்கமாகக் கிராமத்து ஆட்களான கம்பத்துக்காரர்கள் ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று சொந்தமாகச் செம்பனை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பட்டியல் எதுவும் கிடையாது. ரஸ்லான் என்பவர் முதல் நாள் தம் எட்டு ஏக்கரில் அவள் வண்டி ஓடுவதை ஒரு முக்காலியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். இரண்டாம் நாள் முக்காலியோடு அண்டை வீட்டுக்காரரும் வந்தார். மூன்றாம் வாரம் அந்த அண்டை வீட்டுக்காரர் தமக்கும் இதே மாதிரி ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார்.

செய்வதற்கு வண்டி வேண்டும். மினி மொன்ஸ்டர்ஸ் குழுவில் ஓடாத வண்டி நான்கு இருந்தது. சிரித்த நால்வரும் தங்கள் கனவை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு அன்பரசி வீட்டுப் பின்புறம் வந்தார்கள். வீரன்தான் பேசி முடித்தான். எப்படியும் இது என் ஐடியாதானே, வண்டி நான் வாங்கினதுதானே என்று அவன் எல்லாரிடமும் சொல்லத் தொடங்கியது அந்த மாதத்தில்தான். அன்பரசி மறுக்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். ஐந்து மாதத்தில் அந்த நான்கு வண்டிகளும் கம்பத்துச் செம்பனைக்குள் பழம் சுமந்தன.

இந்த ஐந்து மாதத்தில் புனிதனும் சும்மா இருக்கவில்லை. தலைமையகத்தில் ஆண்டுதோறும் புத்தாக்கப் போட்டி நடக்கும். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், குளிரில், இருபத்திரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டினார் புனிதன். வண்டிக்கு 'ஸ்மார்ட் ஃப்ரூட் ரன்னர்' என்று பெயர் வைத்திருந்தார். உதிரிப் பழம் பொறுக்குவோரின் இடுப்பு வலி பற்றி மூன்று ஸ்லைடு. கேட்டவர்களில் ஒரு பெண் அதிகாரி கண்ணைத் துடைத்தார். படத்தில்தான் ஒரு சிக்கல் இருந்தது. தாம் எடுத்த நான்கு படத்திலும் வண்டி வெல்டிங் தழும்போடும் சேற்றோடும் அசிங்கமாக இருந்தது. அதனால் வீரனின் ஃபேஸ்புக்கில் தேடி, ஆறு வகை ஸ்டிக்கரோடு பளபளத்த பழைய படத்தை எடுத்துப் போட்டார். மேலே சாய்ந்து நின்ற வீரனை வெட்டி நீக்கிவிட்டார். முதல் பரிசு கிடைத்தது.

பரிசோடு, ஆறு வண்டி செய்யச் சொல்லி ஒரு விற்பனையாளருக்கு ஆர்டரும் போனது. விற்பனையாளர் தமக்குக் கொடுத்த படத்தைப் பார்த்து அப்படியே செய்தார். தாழ்ந்த கைப்பிடி, பெரிய கார்புரேட்டர், பின்னால் சின்ன ஸ்ப்ராக்கெட். சாக்கு வைக்க அவராகச் சேர்த்தது உயரமான ஒரு பின்தட்டு. கம்பெனிப் பச்சை நிறம், கைப்பேசி மாட்ட ஒரு பிடி, எங்கே போகிறது என்று காட்டும் கருவி. படத்தில் இல்லாதது இருபத்தெட்டுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதை யாரும் கேட்கவில்லை, புனிதனுக்கும் தெரியாது.

அறிமுக விழாவுக்குக் கூடாரம் போட்டார்கள். உறுமி மேளம், பிரியாணி, தலைமையகத்திலிருந்து இயக்குநர். ரிப்பனை வெட்டிய பிறகு முதல் வண்டியைப் புனிதனே ஓட்டிக் காட்ட முன்வந்தார். பளபளக்கும் தோல் காலணி. பின்தட்டில் இரண்டு சாக்கு. முறுக்கினார். என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கி, கியரைத் தட்டினார். அன்பரசியின் முதல் சோதனையில் நடந்ததுதான் நடந்தது. ஒரே வித்தியாசம், அவள் விழுந்தது ஈர மண்ணில், அவருக்குப் பின்னால் கான், அதாவது நீர் வடியும் கால்வாய், இருந்தது. அது ஆழமில்லை. இடுப்பளவுதான். இரண்டாவது வண்டியில் பாலனை ஏற்றினார்கள். அது நான்கு முறை கிளம்பி நான்கு முறை நின்றது. மூன்றாவது நேராக மண்ணுக்குள் இறங்கி அங்கேயே குடியேறியது. உறுமிக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. இதைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே என்று மட்டும் கேட்டார். அது ஒரு குழு முயற்சி என்றார் புனிதன். குழுவில் வேறு யார் என்று இயக்குநர் கேட்டார்.

மறுநாள் காலை புனிதனின் கார் ரஸ்லானின் செம்பனைக்கு வந்தது. அன்பரசி சாக்கு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப்," என்றார். ஆறு மாதத்துக்கு முன் திருமதியாக இருந்தவள் அக்காவாகியிருந்தாள். அவளுடைய வண்டியை ஒரு நாளைக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். பச்சை ஸ்டிக்கர் தாங்களே ஒட்டிக்கொள்வதாகவும் சொன்னார்.

"என் வண்டி உள்ள வரக்கூடாதுன்னு உங்க லெட்டர் இருக்கு தொரை. சேஃப்டி," என்றாள் அன்பரசி. பிறகு கேட்டாள்: "உங்க வண்டியில பின்னுக்கு எத்தன பல்லு?"

அவர் விழித்தார்.

"எண்ணிட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

புனிதன் திரும்பிப் போய், பட்டறைத் தரையில் மண்டியிட்டு, ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லையும் விரலால் தொட்டு எண்ணினார். நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடி தொடங்கினார். பட்டறையில் இருந்தவர்கள் இதைச் சொல்லும்போது இன்றும் அந்த விரலைக் காட்டித்தான் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'இருபத்தெட்டு' என்று அனுப்பினார். 'வாய்க்கால் நம்பர்' என்று அன்பரசி பதில் போட்டாள். அவருக்கு அது விளங்கவில்லை.

ஆறு வண்டியையும் மாற்றித் தர மூன்று நிபந்தனையோடு அவள் ஒப்புக்கொண்டாள். கம்பத்துக்காரர்களிடம் வாங்கும் அதே கூலி, தடைக் கடிதத்தை ரத்து செய்து இன்னொரு கடிதம், வண்டிகளில் முதல் மூன்று பெல்ட் போட்ட மூன்று பெண்களுக்கு, மண்டோருக்கு இல்லை. கடைசி நிபந்தனைதான் ஆபீசை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. பாலன் தமக்கு மேற்பார்வைக்கு ஒரு வண்டி அவசியம் என்று எழுதிக்கூடக் கொடுத்தார். ஆனால் இயக்குநர் அடுத்த மாதம் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்து போட்டார்கள். ஆ செங் ஐம்பத்திரண்டு பல் ஆறு வரவழைத்தார். வீட்டில் மறுபடி இட்லி நின்றது. இந்த முறை வீரன் எதுவும் சொல்லாமல் ரொட்டி சானாய் வாங்கி வந்து வைத்துவிட்டு, வண்டிகளில் வெல்டிங் செய்த சக்கரக் கைகளைத் தேய்த்துச் சாயம் அடித்தான். சாயம் அவன் நன்றாகவே அடிப்பான்.

இயக்குநர் வந்தார். மூன்று பெண்களும் ஆளுக்கு இரண்டு சாக்கோடு நிரைக்குள்ளிருந்து இருபது வேகத்தில் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி பெல்ட்டைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் சுற்றி வைத்திருந்தாள். இயக்குநர் கைதட்டினார். வழக்கம்போல் படம் எடுத்தார்கள். விற்பனையாளருக்குச் சிறந்த பங்காளர் விருது கொடுத்தார்கள். அன்பரசிக்கும் தொழில்நுட்ப உதவிக்காக ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதில் பெயர் 'திரு. அன்பரசன்' என்று அச்சாகியிருந்தது. இந்த வேலையைச் செய்தது ஓர் ஆணாகத்தான் இருக்கும் என்று அச்சடித்தவர் தாமாகவே திருத்திவிட்டாராம். வேறு அச்சடித்துத் தருவதாகப் புனிதன் சொன்னார். அதற்குள் தலைமையகத்தின் புத்தாக்கப் பிரிவுக்குப் பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்.

விழா முடிந்து கிளம்பும் முன் இயக்குநர் அன்பரசியைத் தனியாகக் கூப்பிட்டார். உங்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா, தயங்காமல் சொல்லுங்கள் என்றார். தனக்காக அவள் எதையும் கேட்கவில்லை. நிரைகளுக்கு நடுவே ஓடும் கான்களைக் கடக்கப் போட்டிருந்த பலகைகள் உளுத்துப் போயிருக்கின்றன, வண்டி ஏறினால் உடைகின்றன, பன்னிரண்டு பலகை போட்டால் போதும் என்றாள். அவ்வளவுதானா என்று இயக்குநர் சிரித்தார். உதவியாளர் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு வந்தபோது, அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போட்டார்கள்.

அன்பரசி இப்போது வாரத்தில் மூன்று நாள் ரஸ்லானின் பக்கத்திலும், மூன்று நாள் தோட்டத்திலும் பழம் பொறுக்குகிறாள். மதியத்துக்குமேல் வீட்டுப் பின்புறத்தில் வண்டி வேலை. அவள் வண்டியின் இடது பக்கத்தில் ஆறடிப் பலகை ஒன்று கயிற்றால் கட்டியிருக்கிறது. கான் வந்ததும் இறங்குவாள், பலகையை அவிழ்த்துப் போடுவாள், வண்டியைக் கடத்துவாள், பலகையைத் தூக்கித் திரும்பக் கட்டுவாள். மற்ற மூன்று பெண்களும் அப்படியே செய்கிறார்கள். பலகை ஏறியதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது. வலது கூடையை மூன்று அங்குலம் வெளியே தள்ளி வைத்தால் சரியாகுமா என்று ஆ செங்கிடம் கேட்டிருக்கிறாள். தள்ளிப் பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.